நிமிடத்துக்கு எட்டு மூச்சு

ஹான்காக், மிச்சிகன்
நவம்பர் 14, வியாழன், பிற்பகல் 3.20

அன்புள்ள லோர்னா அக்காவுக்கு,

தம்பி வெண்டல் வணக்கத்துடன் எழுதியது. நானும் டார்லீனும் சௌக்கியம். கூரையில் பதினோரு அங்குலப் பனி. கிரீன் பேயில் நீயும் அத்தானும் இதைவிடக் குறைந்த பனியோடும் இதைவிட நல்ல முதுகோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுவது என் பழைய தொழிலின் வழக்கம். நான் நர்சிங் படிப்பை விடுகிறேன். கல்லூரிக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டாகிவிட்டது. பத்திரிகையை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பியபோது, "ஐம்பத்தேழு வயசெல்லாம் ஒரு வயசாடா? போய்ச் சேரு" என்று தள்ளிவிட்டவள் நீ. முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நானும் சேர்ந்தேன். ஆகவே முழு விவரத்தையும் படிக்கும் தண்டனை உனக்குத்தான்.

இந்தப் பருவத்தில் எங்களுக்கு நரம்பு மண்டல மருந்துகள். வார்டு பயிற்சியில் தவறு செய்தால் மஞ்சள் சீட்டு. இரண்டு சீட்டு வாங்கினால் படிப்பு அத்தோடு சரி. முதல் சீட்டை அக்டோபரிலேயே வாங்கிவிட்டேன். வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடும் ஒரு வயதான அம்மாள். அந்த மருந்து ஈறைத் தடிக்கவைக்கும் என்று படித்திருந்தேன். முந்தின நாளே ஆறு பக்கம் குறிப்பெடுத்துக்கொண்டு போய், மென்மையான பிரஷ், பல்லிடுக்குக்கு நூல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டர் என்று முப்பத்தைந்து நிமிடம் விளக்கினேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். முடித்ததும் மேல் பல்செட், கீழ் பல்செட் இரண்டையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா தம்பி. இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியே, நீயே தேய்ச்சுக் குடுத்துடு."

மாத்திரை அந்த அம்மாளுக்கு முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஆசிரியை ட்ரூடி போஷாம்ப், நான் என் முதல் கொலை வழக்கை எழுதிய வருடம் பிறந்திருக்கவே இல்லை. சீட்டைக் கிழித்து நீட்டிக்கொண்டே சொன்னார்: "வெண்டல், முதல்ல நோயாளியோட வாயைப் பாருங்க. அப்புறம் உங்க வாயைத் திறங்க."

இரண்டாவது சீட்டு இன்று காலை 8.10 சமாசாரம். நோயாளியின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று நீ சீறுவாய். ஆகவே அவரைச் சல்மேலா என்று வைத்துக்கொள்வோம். இங்கே கல்லெறிந்தால் ஒரு சல்மேலா மேல்தான் விழும். வயது எழுபத்தெட்டு. மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்பு மூட்டு மாற்றி மூன்று நாள். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுக்க வேண்டும். கொடுக்குமுன் மூச்சை எண்ண வேண்டும். நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது. அந்த மருந்து மூளையில் மூச்சை நடத்தும் இடத்தையே அமுக்கிவிடும். உனக்கு இது அரிச்சுவடி. எண்ணுவதை நோயாளியிடம் சொல்லக் கூடாது, நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனிக்க வேண்டும் என்பதும் அரிச்சுவடிதான். ஆனால் நான் இருபத்தொன்பது வருடம் நிருபராக இருந்தவன். குறித்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லாமல் யாரைப் பற்றியும் ஓர் எழுத்துக் குறித்ததில்லை.

"ஐயா, ஒரு நிமிஷம் உங்க மூச்சை எண்ணப் போறேன்" என்றேன்.

"எண்ணிக்க. எனக்கென்ன நஷ்டம்?" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டு.

அந்த இடத்தில் தோளைத் தட்டி எழுப்பிப் பார்த்திருக்க வேண்டும். நான் சுவரில் இருந்த அவசரப் பொத்தானை அழுத்தினேன். ஆறு பேர் தள்ளுவண்டியோடு ஓடிவந்தார்கள். ஒரு நர்ஸ் கையில் மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன், மூக்கில் அடிக்கத் தயாராக இருந்தது. சல்மேலா கண்ணைத் திறந்தார்.

"யாருய்யா செத்தது?"

"நீங்கதான்னு சொன்னாங்க" என்றார் நர்ஸ்.

போஷாம்ப் வந்தார். மணிக்கட்டைப் பிடித்தபடி லாரியைப் பற்றி விசாரித்தார். எண்ணுகிறார் என்று எனக்கே தெரியவில்லை. பதினான்கு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சல்மேலா பெருந்தன்மையாக விளக்கினார்: "எண்ணப் போறேன்னாரு. புதுசா வேலை பழகுற மனுசன், கணக்குத் தப்பிடக் கூடாதேன்னு நான்தான் நிறுத்தி நிதானமா விட்டேன்." வண்டியைத் தள்ளி வந்தவர் சிரித்த சிரிப்பில் வண்டியையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

சிரிப்பு எனக்குப் பழக்கம்தான். உறுத்துவது வேறு. பொத்தானை அழுத்திவிட்டால் டாக்டர் பார்க்காமல் மார்ஃபின் கொடுக்கக் கூடாது. டாக்டரோ அறுவை சிகிச்சையில் இருந்தார். என்னால் ஒரு கிழவர் சாதாரண வலி மாத்திரையோடு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஒன்பதரைக்குப் போஷாம்ப் என்னை வீட்டுக்கு அனுப்பினார். "சீட்டை நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். பேச என்ன இருக்கிறது? துரத்துமுன் போய்விடுவது மரியாதை. இலவச விளம்பர வாரத்தாளில் பழைய பனிவண்டி விற்பனை விளம்பரம் எழுத ஆள் கேட்கிறார்கள். அதில் யாருக்கும் மூச்சு நிற்காது.

அத்தானுக்கு என் அன்பு. பிள்ளைகள் நல்ல கல்லூரியில், என்னைப் போலில்லாமல் உரிய வயதில் படித்து முன்னுக்கு வரட்டும்.

உன் தம்பி,
வெண்டல் கார்வோனென்

பின்குறிப்பு, மாலை 6.40: மேலே உள்ளதில் தேதியும் நேரமும் சரி. மற்றதற்குத் திருத்தம்.

போஷாம்ப் தொலைபேசினார். "வெண்டல், அந்த எட்டு நிஜமான எட்டுதான்" என்றார். பத்து மணிக்குச் சல்மேலா தூங்கும்போது வார்டு நர்ஸ் எண்ணினாராம், ஒன்பது. தேடியதில் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் லோராசிபாம், மார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சை இன்னும் அமுக்கும் மாத்திரை. பதற்றத்துக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்து, விடிகாலை மார்ஃபின் இன்னும் உடம்பில் இருக்கும்போதே, ஏழு மணிக்கு யாருக்கும் தெரியாமல் இரண்டு போட்டிருக்கிறார். பேச்சுக் கொடுத்தால் விழித்து ஒழுங்காக மூச்சு விடுகிறார், விட்டுவிட்டால் அமிழ்ந்துபோகிறார். மாத்திரை விஷயம் மகளுக்குத் தெரிந்தால் இனி ஓட்டக் கூடாது என்று கார் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள் என்று பயமாம். "அதுக்கு மேல உங்க மாத்திரையும் போயிருந்தா..." என்றார். சல்மேலா இப்போது நன்றாக இருக்கிறாராம். நர்ஸ்கள் மாறி மாறிப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

நிறுத்தி நிதானமாக விட்டேன் என்றது அந்த நிமிடத்தில் கட்டிய கதை. ஒரே ஓர் ஆள் சொன்னதை, அவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று யோசிக்காமல் நம்பி, உனக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். எங்கள் பத்திரிகை ஏன் மூடப்பட்டது என்று இப்போது புரிகிறது.

"சீட்டு ரத்துன்னு சந்தோஷப்படாதீங்க" என்றார் போஷாம்ப். "மறுபயிற்சின்னு மாத்தியிருக்கேன். சொல்லிட்டு எண்ணினதுக்கு. காலைல ஆறே முக்காலுக்கு வந்துடுங்க."

பயிற்சியை உடனே தொடங்கிவிட்டேன். டார்லீன் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"என்ன இது, இத்தனை வருசத்துல இல்லாத அதிசயமா?"

"சும்மாதான்" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. பதினாறு.