என் நைனாவின் ஆறு புதுப் பிள்ளைகள்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரை ஆங்கிலத் தேர்வில் தோற்கடிப்பது சாமானிய காரியம் இல்லை. நான் அதைச் செய்திருக்கிறேன். அதுவும் மூன்றே வாரப் பயிற்சியில்.

திருப்பதியில் தெருவுக்கு நாலு பேர் கம்ப்யூட்டர் படித்துவிட்டு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். விசா வேண்டுமென்றால் ஆங்கிலம் தெரியும் என்று தேர்வெழுதி நிரூபிக்க வேண்டும். நான் புத்தூர் பக்கத்துக் கிராமத்தான். தபாலில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன். செருப்புக் கடை மாடியில் ஓர் அறை பிடித்துப் பயிற்சி மையம் திறந்துவிட்டேன். (அதுவரை நான் ஒரு வெள்ளைக்காரரிடமும் பேசியதில்லை. கேட்டவர்களும் இல்லை, நானாகச் சொல்லவும் இல்லை.)

அந்த மாடிக்கு ஒரு நாள் டோரீன் வந்தார். ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. நாற்பது வயது, இருபது வருட நர்ஸ். வீட்டில் பேசுவது ஆங்கிலம், கனவு காண்பதும் ஆங்கிலம். ஆனால் படிப்பை இந்தியாவில் முடித்ததால் அவரும் தேர்வெழுதியே ஆக வேண்டும் என்றது ஆஸ்திரேலியா. அங்கே அண்ணன் வீட்டில் அவருடைய அம்மா படுக்கையில் கிடந்தார். ஒரு மருத்துவமனை வேலை தரத் தயாராக இருந்தது. குறித்த தேதிக்குள் மதிப்பெண் சான்று போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் தடை.

“அம்மாவுக்கு எல்லாம் மறந்துகினே வருது மாஸ்டர்,” என்றார் டோரீன். “என் பேரு மட்டும்தான் சொல்லிகினு இருக்காங்களாம். அதுவும் மறக்கறதுக்குள்ள நான் போயிடணும்.”

முதல் முறை எழுதிய தேர்வின் மதிப்பெண் தாளைக் காட்டினார். பேச்சில் முழு மதிப்பெண். எழுத்தில் மட்டும் தேவைக்கு அரை மதிப்பெண் குறைவு. இரண்டு பக்கம் எழுதச் சொன்ன கட்டுரைக்கு எட்டு வரி எழுதியிருக்கிறார். “சொல்ல வேண்டியத சொல்ட்டேனே மாஸ்டர்?” என்றார். நோயாளி தூங்கினார், வலி இல்லை, காய்ச்சல் இறங்கியது என்று குறிப்பெழுதியே பழகிய கை.

புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? எட்டு வரியை எண்பது வரியாக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு அனுப்பியிருப்பான். நான் அவரைப் பேசச் சொன்னேன். பேசினார். எனக்குப் பாதி புரியவில்லை. ஆகவே அவருடைய உச்சரிப்பு சரியில்லை என்று முடிவு செய்தேன். நோட்டில் சிவப்பு மையால், ‘வேகம் அதிகம், தெளிவு போதாது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். (கையை ஒடித்திருக்கலாம்.)

என் பயிற்சி முறை எளிமையானது: மனப்பாடம். ‘நீங்கள் மிகவும் மதிக்கும் மனிதர் யார்?’ என்ற கேள்வி அடிக்கடி வரும். அதற்கு நானே ஒரு பதில் தயாரித்திருந்தேன். என் தந்தை ஓர் ஏழை விவசாயி. விடியுமுன் இரண்டு வெள்ளை எருதுகளை ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போவார். ஒற்றைச் சட்டையோடு வாழ்ந்து என்னைப் படிக்க வைத்தார். மாணவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான். என் நிஜ அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, எருதே கிடையாது. வாடகை டிராக்டரில் உழுதார். சட்டையும் ஏழெட்டு இருந்தது.

டோரீன் தயங்கினார். “எங்க டாடி ரயில்வே கார்டு, மாஸ்டர். பாகாலா லைன்ல கடைசிப் பெட்டியில கொடி காட்டிகினு போவாரு. வண்டி எங்க குவார்ட்டர்ஸ் பின்னாடி போறப்ப தொப்பிய ஆட்டுவாரு. ரெண்டு தடவ ஆட்டினா சாப்பாட்டுக்கு வர்றாருன்னு அர்த்தம். ஒரு தடவன்னா வரமாட்டாரு. அதப் பாத்துதான் அம்மா உலை...”

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். “இதில் பாயிண்ட்ஸ் இல்லை, சிஸ்டர்.”

அவர் வாதாடவில்லை. டாக்டர் எழுதிய மருந்தைக் கேள்வி கேட்காமல் கொடுத்தே பழகியவர், ஏற்கெனவே ஒருமுறை தோற்றுப் பயந்தவர். எருதுகளை வாங்கிக்கொண்டார்.

என் மாணவர்கள் ஆறு பேரும் ஒரே நாளில் சென்னையில் தேர்வெழுதப் போனார்கள். வாயில் தயிரும் சர்க்கரையும் போட்டு வழியனுப்பினேன். ஆறு பேருக்கும் ஒரே தேர்வாளர் அமைவார், அவர் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. டோரீன் ஆறாவது ஆள்.

அடுத்த நாள் மாடியேறி வந்து உட்கார்ந்தார். அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“நான் ஆரம்பிச்சதுமே அந்த மேடம் பேனாவ கீழ வச்சிட்டாங்க மாஸ்டர். பொறுமையா கேட்டுட்டு, எருதுங்க பேரு என்னன்னு கேட்டாங்க.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“நீங்க பேரு எழுதித் தரலையே. எனக்குப் பொய் சொல்ல வரல. பேசாம இருந்துட்டேன். அப்புறம் எது கேட்டாலும் வாயே வரல.”

எழுத்தில் இம்முறை தேவைக்கு மேலேயே வாங்கினார். பேச்சில் விழுந்தார். இரண்டும் ஒரே தேர்வில் தேறினால்தான் செல்லும். வேலைக்கான தேதி கடந்துவிட்டது. மறுபடி இடம் காலியாகி, மூன்றாம் முறை அவர் எழுதப் போவதற்குள் ஒரு வருடம் ஓடியது. அந்த முறை என்னிடம் வரவில்லை. தன் அப்பாவைப் பற்றியே பேசி முழு மதிப்பெண் வாங்கினார் என்று அவருடைய மருத்துவமனையில் சொன்னார்கள். அவர் போய் இறங்கியபோது அம்மா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இது நல்ல வேடிக்கைக் கட்டுரையாக இருந்திருக்கும். பொய்யாகவும் இருந்திருக்கும்.

மையத்தை மூடிவிட்டு ஊருக்குப் போய் நைனாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டார்.

“எனக்கு எருது எப்படா இருந்துச்சி?”

“இல்ல நைனா.”

“நான் பெத்தது உன்னியும் உன் தங்கச்சியும். இப்ப எத்தினி?”

“எட்டு.”

“நல்லா கீதுடா உன் படிப்பு,” என்று அடுத்த கடலையை எடுத்தார்.

சில வருடம் கழித்து டோரீன் விடுமுறையில் வந்தார். விசாரித்துக்கொண்டு எங்கள் கிராமத்துக்கே வந்துவிட்டார், நைனாவுக்கு ஒரு சட்டையோடு. நான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒளியப் பார்த்தேன். (கொட்டகை மட்டும் இருந்தது.) தங்கை விடவில்லை.

“ஒற்றைச் சட்டையோட இருக்கீங்கன்னு மாஸ்டர் எழுதியிருந்தாரு, அதான்,” என்று நைனாவிடம் நீட்டினார் டோரீன். நைனா வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: “ஏம்மா, உன் நெஜ அப்பா இன்னா பண்ணிகினு இருந்தாரு?”

டோரீன் சொன்னார். தொப்பி, உலை எல்லாம் சொன்னார். நான் கையைக் காட்டாததால் மிச்சத்தையும் சொன்னார். “ரிட்டயர் ஆன அன்னிக்கு ரெண்டு தடவ ஆட்டினாரு. ஆனா நிறுத்தல. வண்டி மறையிற வரைக்கும் ஆட்டிகினே போனாரு. அம்மா பின்கதவுல நின்னு, ‘போதும், உலை வச்சாச்சு, வா’ன்னு கத்தினாங்க. சிரிச்சிகினே அழுதாங்க.”

நைனா என் பக்கம் திரும்பினார். “இத்த ஏண்டா சொல்ல வுடல நீ?”

நான் டோரீனுக்கு மோர் கொண்டுவர உள்ளே போனேன்.

இப்போது நான் வீட்டில் எதையாவது நீட்டி முழக்க ஆரம்பித்தால், தங்கை, “அண்ணா, எருது வருதா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். போன மாதம் பென்ஷன் கணக்கெடுப்புக்கு வந்தவர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெலுங்கில் கேட்டார். நைனா அந்த ஆஸ்திரேலியச் சட்டையில் உட்கார்ந்து, “எட்டு. மூத்த பொண்ணு ஆஸ்திரேலியாவுல கீது,” என்று தெலுங்கிலேயே பதில் சொன்னார். வந்தவர் என்னைப் பார்த்தார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.