"மறக்க முடியாத படம்" என்று நான் சொன்னது பாதி வாக்கியம்

கிளியர்ஃபோர்க், கென்டக்கி
வெள்ளிக்கிழமை காலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் திருமதி கோர்டீலியா ப்ரூயிட் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் கணவரும், போன மாதம் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்ட தங்கள் நாயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதிலுக்கு நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் என் இடது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருக்கிறது. என் மனைவி ரொவீனா போன ஞாயிறு மதியத்திலிருந்து என்னிடம் "சூப் ஆறுது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த இரண்டுக்கும் தங்கள் பத்திரிகையைக் குறை சொல்ல முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதாக ஒன்று நடந்திருக்கிறது. அதற்குத் தாங்கள்தான் முழுப் பொறுப்பு.

நேற்று வந்த இதழின் ஐந்தாம் பக்கத்தில் "பார்த்தவர்கள் பேசுகிறார்கள்" என்ற தலைப்பில், பேலஸ் தியேட்டரில் ஓடும் 'தூக்கிப் போடு, பிடிச்சுக்கறேன்' என்ற, மைதானத்தில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தூக்கிப் போட்டு அணியை உற்சாகப்படுத்தும் சியர்லீடிங் படத்தைப் பற்றி ஊர்க்காரர்கள் பதினொரு பேரின் கருத்தை வெளியிட்டிருக்கிறீர்கள். நான் ஆறு பக்கம் எழுதி அனுப்பினேன். முப்பத்தோரு வருடம் இந்த மாவட்டத்தின் பாலங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் எழுதிய ஆறு பக்கம். அதில் தாங்கள் அச்சிட்டது மூன்றே வார்த்தை: "மறக்க முடியாத படம்." நான் எழுதிய முழு வாக்கியம், "மறக்க முடியாத படம், மூலநோய் வந்தவனுக்கு நாற்காலி மறக்க முடியாதது போல" என்பது. இப்போது தியேட்டர்க்காரன் அந்த மூன்று வார்த்தையை என் பெயரோடு வாசல் பலகையில் முழ நீள எழுத்தில் ஏற்றிவிட்டான். இன்று காலை பெட்ரோல் போடப் போன இடத்தில் ஒருவர் என் முதுகில் தட்டி, "உங்களுக்குள்ள இவ்ளோ மென்மையான மனசா, ஸ்டாம்பர்" என்று கேட்டார்.

என்னுடையதைத்தான் வெட்டினீர்கள், மற்றவர்களுடையதையாவது வெட்டியிருக்கக் கூடாதா. பல் மருத்துவர் ஹப்பர்ட், "லேசான படம், மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கலாம்" என்கிறார். அவர் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்றும் மூளையைக் கழற்றித்தான் வைத்திருந்தார். பக்கத்துப் பல் வந்தது. பாதிரியாரின் மனைவி திருமதி ஃபிஞ்ச், பாவாடைகள் மிகவும் குட்டை என்று வருத்தப்படுகிறார். எவ்வளவு குட்டை என்று உறுதி செய்துகொள்ள மதியக் காட்சியும் பார்த்தார், மாலைக் காட்சியும் பார்த்தார். இரண்டு முறையும் பெரிய பாப்கார்ன். இரும்புக்கடை ஜென்ட்ரி, எதிர் அணிப் பெண் கடைசியில் நல்லவளாக மாறுவதை நம்ப முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். எதிர்க்கடை வைத்திருக்கும் சொந்தத் தம்பியோடு பதினாறு வருடமாகப் பேசாத மனிதர் வேறு எப்படி எழுதுவார். இவர்கள் எல்லாருக்கும் மூன்று வரி, நான்கு வரி. எனக்கு மூன்று வார்த்தை.

நான் ஏன் அந்தப் படத்துக்குப் போனேன் என்று தாங்கள் கேட்கலாம். ரொவீனா நம் ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடம் சியர் குழுவுக்குப் பயிற்சியாளராக இருந்தவள் என்பது தாங்கள் அறிந்ததே. நம் மாவட்டத்தில் பெண் குழந்தை பிறந்தால் நடக்கிறதா, பேசுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. தூக்கிப் போட்டால் நேராக இறங்குகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் மாநிலப் போட்டிக்கு ஆறு முறை குழுவைக் கொண்டுபோனவள். மேலிருந்து விழுந்த பெண்களைப் பிடித்துப் பிடித்து மூக்கு ஒரு முறையும் விரல்கள் இரண்டு முறையும் உடைந்தவள். அவளைக் கௌரவிக்கும் படமாக இருக்கும் என்று நம்பி நான்தான் டிக்கெட் எடுத்தேன். போய் உட்கார்ந்தால், படத்தில் வரும் பயிற்சியாளர் பச்சை டிராக் சூட் போட்ட ஒரு கோமாளி. விசில் கயிற்றில் டோநட்டைக் கோத்துக்கொண்டு வருகிறாள். ஊதுவதற்குப் பதில் கடிக்கிறாள். எனக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், ரொவீனா என் கைக்குட்டையைப் பிடுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

உச்சக் காட்சியில் பதினொரு பெண்கள் மூன்று அடுக்குப் பிரமிடு கட்டுகிறார்கள். உச்சியில் நிற்பவள் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அந்த நிலையிலேயே தோழியைக் கைப்பேசியில் அழைத்து மன்னிக்கிறாள். எதையும் தாங்குவேன், தவறான சுமைக் கணக்கை மட்டும் தாங்க மாட்டேன். எழுந்து நின்று, "இது நிக்காது" என்று நாகரிகமாகத்தான் சொன்னேன். பின்வரிசையிலிருந்து யாரோ, "அது நிக்கும் பெருசு, நீங்க உக்காருங்க" என்றார்கள். தியேட்டர் முழுவதும் சிரித்தது. படம் முழுக்க அவர்கள் உண்மையாகச் சிரித்த இடம் அது ஒன்றுதான் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெளுத்தி மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டே கெட்டேன். தியேட்டருக்கு எதிரே உள்ள உணவகத்தில் பரிமாறும் ஜோனெல் ஒரு காலத்தில் ரொவீனாவின் குழுவில் இருந்தவள். அவளும் மதியக் காட்சி பார்த்திருக்கிறாள். காபி ஊற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"கோச், அந்த டோநட்டு பாத்தீங்களா. நீங்களும் ஒருநாள் அப்படித்தான கோத்துட்டு வந்தீங்க."

"அது ஒரே ஒரு தடவைதான்டி. அன்னிக்குக் காலைல சாப்பிடல," என்றாள் ரொவீனா.

"உன்ன அவமானப்படுத்தி இருக்காங்க, நீ சிரிக்கிற," என்றேன் நான்.

"எனக்கு அவமானமா இல்லையே ஆர்வில். உனக்கு எங்க வலிக்குது?"

எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவன், காகித விரிப்பைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தேன். உச்சியில் இருப்பவள் நூறு பவுண்டு, நடு அடுக்கு இவ்வளவு, அடியில் இருக்கும் பெண்ணின் தோளில் விழும் சுமை இவ்வளவு, காற்று, வியர்வை, வழுக்கல். மூன்று கோடு போட்டு, அடிக்கோடிட்டு, "மூணாவது நொடியில சரியும். முப்பத்தோரு வருஷம் பாலம் பாத்தவன் சொல்றேன்" என்று நீட்டினேன். அவள் அதைப் படிக்கக்கூட இல்லை.

"பாலத்துக்கு முழங்கால் மடங்காது ஆர்வில். பொண்ணுங்களுக்கு மடங்கும்."

ஜோனெல் காபிக் குடுவையை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசையும் சிரித்தது. ஒரே மாலையில் இரண்டாம் முறை. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். தங்கள் பத்திரிகைக்கு எழுதும் கடிதம் என்பதால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

"பத்தொம்பது வருஷம் நீ என்ன பண்ண? ஓரமா நின்னு கத்தின. தூக்கினது அந்தப் பொண்ணுங்க."

ரொவீனா முள்கரண்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள். பிறகு அதை இன்னும் கொஞ்சம் நேராக்கினாள். "ஜோனெல், தபால் ஆபீஸ் வெர்லீன் நம்பர் உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் ஞாயிறு வழிபாடு முடிந்ததும் தேவாலயத்தின் புல்வெளியில் ஏழு பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் பழைய குழுக்காரிகள். இளையவளுக்கு முப்பத்தொன்பது வயது. ஒருத்திக்கு முட்டியில் பட்டை, ஒருத்திக்கு இடுப்பில் பட்டை. படத்தில் பதினொரு பேர், இங்கே ஏழு பேர்தான். ஆனால் மூன்று அடுக்கு என்றால் மூன்று அடுக்குதான். ரொவீனா என்னைக் கூப்பிட்டு, "பின்னால நின்னு கணுக்கால புடிக்க ஒரு உயரமான ஆள் வேணும். கணக்கு போடாம புடிக்கத் தெரியுமா?" என்றாள். மொத்தச் சபையும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கோட்டைக் கழற்றினேன்.

அடியில் நான்கு பேர், நடுவில் இரண்டு பேர், உச்சிக்கு நாற்பத்தாறு வயது வெர்லீன். நமக்குத் தினமும் கடிதம் பிரித்துத் தரும் அதே வெர்லீன். ரொவீனா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாயையே திறக்கவில்லை. நாலடி தள்ளி நின்று, தொடையில் விரலால் மெல்லத் தட்டினாள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொரு பெண்ணும் பாரம் ஏற்றும் முன்பு அவள் முகத்தை ஒரு முறை பார்த்தாள். கீழே பார்க்கவில்லை, மேலே பார்க்கவில்லை, பக்கத்தில் இருப்பவளைக்கூடப் பார்க்கவில்லை. ரொவீனா தலையை இம்மியளவு அசைத்தாள். அதன் பிறகுதான் தூக்கினார்கள். அந்தப் பெண்கள் பார்த்த முகத்தை நானும் பார்த்தேன். நாற்பது வருடம் காலை உணவு மேசையில் எதிரே இருந்த முகம்தான், ஆனால் இந்த வேலையைச் செய்யும்போது ஒரு நாளும் நான் போய்ப் பார்த்ததில்லை. எனக்குப் பாலங்கள் இருந்தன. பார்த்துக்கொண்டே நின்றதில் கணுக்காலை விட்டுவிட்டேன். இன்னும் சரியாகப் பார்க்க ஓரடி பின்னால் வைத்தேன். தேவாலயத்துக்காரர்கள் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயை ஏன் அங்கே நட்டு வைத்தார்கள் என்று பாதிரியாரிடம் தனியாகக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

பிரமிடு அசையவில்லை. விழுந்தது நான் மட்டும். உச்சியில் கையை விரித்து நின்ற வெர்லீன், "சார் எங்க போனாரு?" என்று கேட்டது புல்லில் கிடந்த என் காதில் விழுந்தது. எட்டு எண்ணும் வரை நின்றுவிட்டு, ஒவ்வொருத்தியாகப் பூப்போல இறங்கினார்கள். திருமதி ஃபிஞ்ச் கைதட்டினார். பாவாடை நீளம் பற்றி அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் கால்சட்டை போட்டிருந்தார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, உணவகத்தில் நான் சொன்னது தவறு, முழுத் தவறு, அதைவிட மடத்தனமாக ஒரு கணவன் பேசியிருக்க முடியாது என்பது ஒரு புறம் இருக்கட்டும். அது இந்தக் கடிதத்தின் பொருள் அல்ல. என் கோரிக்கைகள் வேறு. என் ஆறு பக்கமும் அடுத்த இதழில் எழுத்துப் பிசகாமல் வெளிவர வேண்டும். வாசல் பலகையிலிருந்து என் பெயரை இறக்கச் சொல்லித் தாங்கள் தியேட்டர்க்காரனுக்கு எழுத வேண்டும். நாளை மீண்டும் அந்தப் படத்தைப் போடுகிறார்களாம், அதைத் தங்கள் பத்திரிகை கண்டிக்க வேண்டும். ஏழு நடுவயதுப் பெண்கள் தேவாலயப் புல்வெளியில் செய்து காட்டியதை, கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த ஒரு படம் கைப்பேசி வைத்துக் கெடுத்திருக்கிறது என்பதே என் இறுதிக் கருத்து.

தங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும், நாய்க்கு நல்ல பார்வையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
ஆர்வில் ஸ்டாம்பர்
பாலச் சோதனை அதிகாரி (ஓய்வு)

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். ரொவீனா அடுப்படியிலிருந்து வந்து, "ஒரு மணி நேரமா என்ன எழுதுற?" என்று கேட்டாள். வாரக்கணக்கில் பேசாமல் இருந்தது போல இருந்ததால், கேட்டதும் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பல் மருத்துவர் வந்த இடத்தில் சிரித்தாள். உணவகம் வந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். "மேல படி" என்றாள். புல்வெளியையும் படித்தேன், "முழுத் தவறு" என்பதையும் படித்தேன். மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைக் கிள்ளி எடுத்தாள். "இத என்கிட்ட சொல்லாம கோர்டீலியாகிட்ட எதுக்குச் சொல்ற?" என்றாள். அவளிடம் சொன்னேன். எழுதியதைவிடச் சின்னதாகத்தான் வந்தது, மூன்று வார்த்தை இருக்கும்.

எனவே என் கோரிக்கைகள் எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன். பலகை அப்படியே இருக்கட்டும். நாளை மாலைக் காட்சிக்கு நாங்கள் இருவரும் போகிறோம். தாங்களும் வருவதாக இருந்தால், மாவுக்கட்டுக் கை இடிக்காதபடி எனக்கு ஓர இருக்கை பிடித்து வையுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு என்று ரொவீனா சொல்கிறாள். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் அனுப்புகிறேன். தாங்கள் கிழித்துவிடவும்.