குடிநீர்ப் பிரிவு அசைந்த கதை

அரசு அலுவலகங்களில் வேலை நடக்கிறது என்பது நெடுநாளைய நம்பிக்கை. அதற்கு ஆதாரம் வேண்டும் என்று மேலிடத்துக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் கேமரா பொருத்தி, அலுவலர்கள் பணியாற்றும் அரிய காட்சியைக் காலை முதல் மாலை வரை பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவ்வளவு வீடியோவையும் உட்கார்ந்து பார்க்க மேலிடத்தில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால், எந்தப் பிரிவின் வீடியோ கணினியில் அதிக இடத்தை அடைக்கிறதோ அந்தப் பிரிவே அதிகம் உழைத்ததாகக் கொள்ளப்படும் என்று உத்தரவின் கடைசி வரியில் சேர்த்துவிட்டார்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். புது வீட்டுக்குக் குடிவந்து, தண்ணீர் இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டு, குடிநீர்ப் பிரிவின் பெஞ்சில் தவம் கிடந்தவன் நான். வீட்டில் குழாய் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து எனக்கும் என் மனைவிக்கும் தோள்பட்டை கழன்றுவிட்டது. பக்கத்து வீட்டம்மாவின் சிரிப்பும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது.

கேமரா மாட்ட வந்தவர் பிரிவுத் தலைவரிடம், "இதுல இருக்கற கோடெக் ஓப்பன் சோர்ஸ் சார். லைசென்ஸ் பணம் கட்ட வேண்டாம்" என்றார். கோடெக் என்றால் வீடியோவைச் சுருக்கி வைக்கும் நிரல். இது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்ற ரகம்.

என் வாய் சும்மா இருக்குமா? "அத எழுதுறவங்கள்ல என் வீட்டுக்காரியும் ஒருத்தி சார்" என்றேன். பொய்யில்லை. பல நாட்டு ஆட்கள் சம்பளம் வாங்காமல், ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டே எழுதுகிறார்கள். அதில் அவளும் உண்டு. இந்தப் பெருமையைச் சொன்னால் மனு கொஞ்சம் நகரும் என்று நினைத்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் தரவரிசை வந்தது. முதலிடம் வாகன நிறுத்துமிடத்துக்கு. அங்கே ஒரு நாய் ஓயாமல் தன் வாலைத் துரத்திக்கொண்டிருந்தது. கடைசி இடம் குடிநீர்ப் பிரிவுக்கு.

பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க வீட்டம்மா செஞ்சது நியாயமா? நாள் பூரா இங்க எல்லாரும் உழைச்சிருக்கோம். ஒரு நாய் எங்களவிட அதிகமா உழைச்சதா உங்க கோடெக் சொல்லுது."

"விசாரிக்கிறேன் சார்."

"விசாரிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க மனு பரிசீலனையில இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து விசாரித்தேன். அவள் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல் படத்த முழுசா எழுதிக்கும். அப்புறம் எது மாறுதோ அத மட்டும் எழுதும். மாறாதத எதுக்குங்க திரும்பத் திரும்ப எழுதணும்?"

"அவரு உட்கார்ந்தே வேலை பாக்கறவரு."

"பாக்கட்டும். ஒரு பக்கமாவது புரட்ட மாட்டாரா?"

"பெரிய அதிகாரி. அவரு எதுக்குப் புரட்டணும்?"

"வாளி தூக்கி எனக்கும்தான் கை வலிக்குது. அதுக்காக இத்தன பேரு எழுதினத நான் கெடுக்க முடியாது. குறை இருந்தா எங்க இணையப் பக்கத்துல எழுதச் சொல்லுங்க. யார் வேணாலும் எழுதலாம்."

எழுதினார்கள். "அமர்ந்திருத்தலை அசைவின்மை எனப் பொருள்கொள்வது பணியாளர் மாண்புக்கு ஊறு விளைவிப்பதாகும். தக்க திருத்தம் மேற்கொண்டு இவ்வலுவலகத்துக்கு அறிக்கை அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." பூமியின் மறுகோடியிலிருந்து ஒரு தன்னார்வலர் மாதிரி வீடியோ ஒன்று கேட்டார். அனுப்பினார்கள். மறுநாளே பதில் வந்தது: "தவறுதலாகப் புகைப்படத்தை அனுப்பியிருக்கிறீர்கள். வீடியோவை அனுப்பவும்."

பிரிவுத் தலைவர் மானஸ்தர். அன்றைக்கே அவசரக் கூட்டம் போட்டு, பிரிவு இனி அசைவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்.

மறுநாள் நான் கண்ட காட்சியை எப்படிச் சொல்வேன். கடைசி மேஜையிலிருந்த மனுக்கள் அடுத்த மேஜைக்குப் போயின, அங்கிருந்து அதற்கடுத்த மேஜைக்கு. அதில் என் மனுவும் இருந்தது. தூசி தட்டப்பட்டு அது கைமாறிக் கைமாறிப் போவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லா மேஜைகளையும் சுற்றிவிட்டு, மாலையில் புறப்பட்ட மேஜைக்கே பத்திரமாக வந்து சேர்ந்தது.

"சார், எல்லா மேஜைக்கும் போயிட்டு வந்துடுச்சு. ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா..."

"கையெழுத்துல என்னங்க அசைவு இருக்கு? ரெண்டு விரல்."

"அதுவாவது அசையட்டுமே சார்."

"போட்டுட்டா மனு வெளிய போயிடும். அப்புறம் நாங்க எத நகர்த்துறது? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அந்த மாதம் குடிநீர்ப் பிரிவு முதலிடம், நாய் இரண்டாமிடம். தலைவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. மற்றப் பிரிவுகளும் சுற்றத் தொடங்கின. அசைவு ஆலோசகர் என்று ஒருவர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்து, கொட்டாவியை அகலமாக விடுவது எப்படி என்று பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் என் மனைவியும் கூட்டாளிகளும் கோடெக்கின் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டார்கள். சுற்றிச் சுற்றி வரும் அசைவை அது ஒரு தரம்தான் எழுதிக்கொள்ளும். அடுத்த சுற்றிலிருந்து வெறுமனே 'மேற்படி' என்று குறித்துவிடும். கேமராக்கள் தாமாகவே புதிய பதிப்புக்கு மாறின. குடிநீர்ப் பிரிவு பழையபடி கடைசிக்குப் போனது. பாவம், நாயும் கீழே இறங்கிவிட்டது.

"உங்க வீட்டம்மாவுக்கு என்னதாங்க வேணும்?" என்றார் தலைவர். அவளுக்கே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"இதுவரைக்கும் அந்த ரூம்ல நடக்காதது ஏதாவது நடக்கணும் சார்" என்றாள் அவள். "அப்பத்தான் அளவு ஏறும்."

தலைவர் யோசித்தார். பிரிவே யோசித்தது. கடைசியில் அவர் பேனாவின் மூடியைக் கழற்றி, என் மனுவில் கையெழுத்துப் போட்டார். வீடியோவின் அளவு எகிறிவிட்டது. அதில் பாதிக்குமேல், மற்றவர்கள் எழுந்து ஓடிவந்து எட்டிப் பார்த்ததால் ஏறியதாம்.

எங்கள் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். தண்ணீர் வழங்கியதற்கு வீடியோ ஆதாரம் தேவை என்று குழாய்க்கு எதிரே ஒரு கேமராவையும் மாட்டினார்கள். நான் வாளியை வைத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மாலையில் அவள் வீடியோவைத் திறந்து பார்த்தாள்.

"ஒரே ஒரு படம்தாங்க இருக்கு. குழாய், வாளி, நீங்க."

"நடுவுல கொட்டாவி விட்டேனே?"

"முதல்ல விட்டது இருக்கு. மீதியெல்லாம் மேற்படி."

அந்த வாரமே மேலிடத்திலிருந்து புது உத்தரவு வந்தது. கணினியில் இடம் தீர்ந்துவிட்டதால், இனி மிகக் குறைந்த இடம் பிடிக்கும் வீடியோவே சிறந்த பணியாகக் கொள்ளப்படும். முதல் பரிசு எங்கள் வீட்டுக் குழாய்க்குக் கிடைத்தது. குழாய் சார்பில் நான் மேடையேறினேன். நீல நிற பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல நினைத்துத்தான் போனேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். எல்லோரும் என்னைப்போலத் தண்ணீருக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள்தான். விழாவின் வீடியோவை அவள் திறந்து பார்த்தாள். ஒரு தட்டல் இருந்தது. மீதி மேற்படி.