சேர் செயலமர்வில் இருக்கிறார்

பயிற்சி பெற்ற உத்தியோகத்தரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பயிற்சி பெற்றுக்கொண்டே இருக்கும் உத்தியோகத்தரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். அவர்தான் கதிரையில் இருப்பதே இல்லையே.

அவருடைய கதிரையைப் பார்த்திருப்பீர்கள். அதன் முதுகில் கழுத்தில் மாட்டும் பெயரட்டைகள் ஏழெட்டுத் தொங்கும். மேசையில், பயிற்சிச் செயலமர்வுகளில் கொடுத்த பேனாக்கள் ஒரு கோப்பை நிறைய நிற்கும். அதில் ஒன்றுகூட எழுதாது. பின்சுவரில் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கி, சுவர் முடிந்ததும் அலுமாரிக் கதவில் ஏறி, அங்கும் இடம் போதாமல் யன்னலை மறைத்துவிட்டதால், பட்டப்பகலிலும் அந்த அறையில் லைட் எரியும்.

எங்கள் கரைப் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றின் செயலமர்வுகளுக்குத் தேநீரும் றோல்சும் கொடுப்பவள் நான். கதைக்க வெட்கப்படுகிறவளுக்கு இதைவிட நல்ல தொழில் இல்லை. தேநீர் ஊற்றுகிறவளை யாரும் பார்ப்பதில்லை. அவள் எல்லோரையும் பார்க்கலாம். நான் அதிகம் பார்த்தது அந்தக் கதிரைக்குரிய அருளப்பு சேரைத்தான். வசதியான கல்வீட்டுக்காரர் போல நல்ல உடம்பு, நல்ல குணம், கோபமே வராத முகம். நேர முகாமைத்துவப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் பிந்தி வந்து, பிந்தியது ஏன் என்று அரைமணி நேரம் விளக்கியவர். மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சிக்குத் தன் பெயர் விடுபட்டுப்போனதால் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவர். பயிற்சி நடத்தும் வளவாளர் "கை தட்டுங்கள்" என்று சொல்லும் முன்பே அவருடைய கை தட்டத் தொடங்கிவிடும். குழுவாகப் பிரியச் சொன்னால் குழுத் தலைவர் அவர்தான். குழுப் படம் எடுத்தால் நடுவில் நிற்பவரும் அவர்தான்.

எல்லாம் சரி, அலுவல்? அதற்குத்தான் பயிற்சி எடுக்கிறாரே!

பள்ளிவாசல்துறையிலிருந்து வந்த சித்தி லெய்லா என்ற பெண்ணுக்கு இது விளங்கவில்லை. மகள் றிஸ்னாவுக்குத் தாதி உதவியாளர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கிராம உத்தியோகத்தர் கொடுத்த வதிவிடச் சான்றிதழில் அருளப்பு சேரின் கையொப்பமும் சீலும் வேண்டும். முதல் தடவை வந்தார். சேர் தலைமைத்துவப் பயிற்சியில். இரண்டாம் தடவை வந்தார். சேர் குழு மனப்பான்மைப் பயிற்சியில். மூன்றாம் தடவை வந்த அன்றுதான் கடைசி நாள். மூன்று மணிக்குள் புத்தளம் டவுனில் கொடுக்காவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

"சேர் செயலமர்வில ராத்தா," என்றான் பியோன் அன்ரன்.

"இண்டைக்கு என்ன செயலமர்வு தம்பி?"

அன்ரன் அறிவித்தல் பலகையைப் பார்த்து வாசித்தான். "பொதுமக்களைக் காக்க வைக்காமல் சேவை செய்தல்."

"எப்ப முடியும்?"

"நாளண்டைக்கு."

லெய்லா செருப்பை மாட்டிக்கொண்டு படியேறி மேல்மாடி மண்டப வாசலில் வந்து நின்றார். கையில் பிளாஸ்ரிக் கோவை. நான் இரண்டாவது சுற்றுத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

உள்ளே வளவாளர் மதுசா மிஸ் ஒரு நடிப்புப் பயிற்சி வைத்தார். ஒருவர் உத்தியோகத்தராக நடிக்க வேண்டும், இன்னொருவர் சேவை பெறுநராக. உத்தியோகத்தராக நடிக்க அருளப்பு சேர் எழும்பிவிட்டார். சேவை பெறுநராக நடிக்க ஒருவரும் எழும்பவில்லை. எப்படி எழும்புவது? அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் காத்திருந்து பழக்கமில்லை. மிஸ் சுற்றிப் பார்த்தார். வாசலில் நின்றவரைக் கண்டார்.

"அக்கா, நீங்க வாறீங்களா? சும்மா ஒரு அலுவலாக வந்த மாதிரிக் கதைச்சாப் போதும்."

"ஓம் மிஸ்," என்றார் லெய்லா. "வந்துதானே நிக்கிறேன்."

அருளப்பு சேர் எழுந்து நின்று வரவேற்றார். கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாங்க, இருங்க. என்ன அலுவலா வந்தீங்க?"

"மகள்ட வதிவிடச் சேட்டிபிக்கட் சேர். இண்டைக்கு மூணு மணிக்குள்ள குடுக்கோணும்."

"அப்படியா? மகள் என்ன படிக்கப் போறா?"

"தாதி உதவியாளர் சேர்."

"நல்ல படிப்பு. தங்கச்சி, அக்காவுக்கு ஒரு தேத்தண்ணி குடுங்க!"

இத்தனை வருடத்தில் அவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை. அதற்குள் அடையாள அட்டையைப் பார்த்தார், பெயரை ஒப்பிட்டார், திகதியைச் சரிபார்த்தார், சான்றிதழில் கையொப்பமிட்டார். மதுசா மிஸ் நேரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. பயிற்சியெல்லாம் வீண் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வரவேண்டாம். என் கண்ணால் கண்டேன்.

லெய்லா எழும்பவில்லை. "சேர், சீல்?"

"என்ன நடிப்பு!" என்று பின்வரிசையில் ஒருவர் சிரித்தார்.

அருளப்பு சேர் குனிந்து மெல்லச் சொன்னார். "அக்கா, இது பயிற்சிதானே. சீல் கீழ மேசை லாச்சிக்குள்ள கிடக்கு."

"பயிற்சிய அரைவாசியில விடலாமா சேர்? நான் மூணு தரம் வந்து எண்ட பங்கச் சரியாச் செஞ்சிட்டேன்."

மதுசா மிஸ் லெய்லாவைப் பார்த்தார், கையொப்பத்தைப் பார்த்தார், பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு மணி ஐந்து. அவருக்கு விளங்கிவிட்டது.

"சேவை முடியல்லயே சேர். முடிச்சாத்தான் புள்ளி."

புள்ளி! அருளப்பு சேர் படியில் ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சீலோடும் மைப்பெட்டியோடும் மூச்சு வாங்க ஏறி வந்து, மேசை அதிரக் குத்தினார். லெய்லா தேநீரை ஒரே மிடறில் குடித்துவிட்டு, நீட்டிய கருத்துப் படிவத்தில் 'மிக நன்று' எல்லாவற்றுக்கும் சரி போட்டுக்கொடுத்து, கீழே இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தார். இரண்டரைக்கே கொடுத்தாகிவிட்டது. றிஸ்னா இப்போது வெள்ளைச் சட்டை போட்டுப் படிக்கிறாள்.

அருளப்பு சேருக்கு அன்று முதற்பரிசு. அடுத்த செயலமர்வுக்கு நான் போனபோது மண்டப வாசலில் பதினான்கு பேர் கோவைகளோடு இருந்தார்கள். கீழே கவுண்டரில் ஒருவருமில்லை.

"எல்லாரும் நடிக்க வந்தவங்க," என்றான் அன்ரன்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் உத்தியோகத்தர் இல்லை, உங்களிடம் சீலும் இல்லை என்ற தைரியம். ஆனால் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று போனில் வீடியோ பார்த்துக்கொண்டே, "அம்மா, இங்க பாருங்க" என்ற பிள்ளையைப் பொறுக்கச் சொன்னது யார்? சரி, அதை விடுங்கள். இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் ஆறுதலாக வாசித்து, இன்னாரைப் போல இருக்கிறதே என்று ரசித்தீர்களே, இப்போது ஒருதரம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். உங்கள் மேசைக்கு முன்னால் யாரும் நிற்கவில்லையே?