அத்தான் கேட்ட கேள்விகளும் ஒரு பின் கண்ணாடியும்

மனிதன் நிமிர்ந்து நின்ற நாளில்தான் குரங்கிலிருந்து பிரிந்தான் என்று சொல்கிறார்கள். தவறு. அவன் முதல் கேள்வியைக் கேட்ட நாளில்தான் பிரிந்தான். அந்தக் கேள்விக்குப் பக்கத்துக் குகைக்காரன் சரியான பதிலைச் சொன்னபோது, "அதெல்லாம் சரி, வேற குகையிலயும் ஒரு வார்த்தை விசாரிச்சுடலாம்" என்று சொன்னவன் எவனோ, அவனுடைய நேர் வாரிசு என் அத்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஒரு பெரிய நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. எந்தப் பொருளின் தரத்தைக் கட்டுப்படுத்துகிறார் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "ஆழமான கேள்வி" என்று முதுகில் தட்டிக் கொடுத்திருக்கிறாரே தவிர, பதில் சொன்னதில்லை. அந்த நிறுவனம் இந்த வருடம் அவருக்கு 'ஆண்டின் தலைசிறந்த கேள்வியாளர்' விருது கொடுக்கிறது. விழா மலருக்குக் குடும்பத்தார் ஒருவர் எழுதித் தரவேண்டுமாம். அக்காவிடம் கேட்டார்கள். "தம்பி எழுதுவான்" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவன் என்ற முறையில், கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்த அலுவலகத்தின் பெருமையைச் சொல்லவேண்டும். போன வருடம் வெளியிலிருந்து ஒரு 'சிந்தனைப் பயிற்சியாளரை' வரவழைத்தார்கள். கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு மேடையில் நடந்துகொண்டே பேசினாராம். "பதில் சொல்பவன் ஊழியன். கேள்வி கேட்பவன் தலைவன்" என்றாராம். மறுநாளிலிருந்து அங்கே ஒருவரும் பதில் சொல்வதில்லை. நகலெடுக்கும் இயந்திரம் பழுதானபோது கூட்டம் போட்டு ஏன் என்று கேட்டார்கள், அந்த ஏனுக்கு ஏன் என்று கேட்டார்கள். இப்படியே ஐந்து ஏன் ஆழத்துக்கு இறங்கி, குற்றம் காகிதத்துடையது என்று கண்டுபிடித்தார்கள். இயந்திரம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதன் மேல் ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட கூட்டங்களில் அத்தான்தான் ராஜா. மற்றவர்கள் கேள்வி கேட்டு முடித்த பிறகு, "நாம சரியான கேள்வியைத்தான் கேக்கறோமா?" என்று ஒன்றைத் தூக்கிப் போடுவார். கூட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இனி கண்ணாடிக்கு வருகிறேன்.

அக்கா பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். ஒரே ஒரு வண்டி. பயிற்சி வண்டி என்பதால் இரண்டு பிரேக் உண்டு, ஒன்று மாணவி காலடியில், இன்னொன்று அக்கா காலடியில். அத்தானுக்கு மட்டும் பிரேக் கிடையாது.

அவளிடம் ஒரு நர்ஸ் கற்றுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் வருடக்கணக்காக இரவுப் பணி. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் பகல் வேலை ஒன்று காலியாகியிருந்தது. அதற்கு ஓட்டுநர் உரிமம் கட்டாயம். உரிமத்துக்கான டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி எப்போது என்று தெரியாது, வேலை வேறு ஒருத்திக்குப் போய்விடும். "எனக்கு ராத்திரியில தூங்கணும்க்கா, அவ்வளவுதான்" என்பாள். அதற்குமேல் அவளுக்கு வாழ்க்கையில் லட்சியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு காலை, வண்டியைப் பின்னால் எடுக்கும் பாடம். பின்னால் குழாய் ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது, குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "பின்னாடி பாருங்க" என்றாள் அக்கா. முதல் நாள் இரவெல்லாம் கண் விழித்திருந்த நர்ஸ், மரியாதையாக அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா தன் பிரேக்கை மிதிப்பதற்குள் பின் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. பின் சீட் முழுவதும் கல்கண்டு கொட்டியதுபோல் கண்ணாடித் துண்டுகள். யாருக்கும் கீறல்கூட இல்லை.

அக்கா சாயங்காலமே கண்ணாடிக் கடைக்குப் போகக் கிளம்பினாள். அத்தான் வாசலில் மறித்தார்.

"கேக்காம கொள்ளாம ஒரு ஸ்க்ரூகூட வாங்கக் கூடாது. கண்ணாடி பெரிய விஷயம். ரெண்டு நாள் பொறு. நான் பாத்துக்கறேன்."

வீட்டில் ஒரு சண்டை மிச்சமாகட்டும் என்று அக்கா சாவியை ஆணியில் மாட்டினாள். பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து ஒட்டினோம்.

அன்று இரவே சாப்பாட்டு மேசையில் 'பின் கண்ணாடி மாற்று ஆலோசனைக் குழு' அமைக்கப்பட்டது. அத்தான் தலைவர். நான் செயலாளர், ஏனென்றால் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் இருந்தேன். அக்காவைக் குழுவில் சேர்க்கவில்லை. வண்டி அவளுடையது, ஓட்டுகிறவள் அவள், ஆகவே அவள் 'பயனாளி' என்று அத்தான் விளக்கினார். பயனாளியைக் கலந்தால் முடிவில் நடுநிலை கெட்டுவிடுமாம். அதில் இருந்த நியாயத்தைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளதைச் சொன்னால், அத்தான் தயாரித்த கேள்விகள் முதல் தரமானவை. போடப்போவது வண்டிக் கம்பெனியின் கண்ணாடியா, வேறு யாராவது செய்ததா? கண்ணாடிக்குள் பனியை விரட்ட ஓடும் சூட்டுக் கம்பிகளை மறுபடி இணைத்து, வேலை செய்கிறதா என்று காட்டித் தருவீர்களா? ரேடியோவுக்கான கம்பியும் அதிலேயே இருந்தால் அதன் கதி என்ன? சீட்டுக்கடியிலும் கதவு இடுக்கிலும் போன துண்டுகளை உறிஞ்சி எடுப்பது உங்கள் பொறுப்பா, எங்கள் பொறுப்பா? பசை காய எவ்வளவு நேரம் வண்டியை நகர்த்தாமல் வைக்கவேண்டும்? மழையில் ஒழுகினால் திரும்பச் செய்து தருவீர்களா? கார் வைத்திருக்கும் எவரும் இவற்றை மனப்பாடம் செய்யலாம். நான் செய்துவிட்டேன்.

மறுநாள் தெருக்கோடியில் இருக்கும் கண்ணாடிக் கடைக்குப் போனோம். என் ஸ்கூட்டரில்தான். கார் எங்களோடு வரவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் கடைக்காரர் 'ஒரு பக்கச் சார்பாக' யோசிப்பார் என்பது அத்தானின் கொள்கை.

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்னார். கம்பெனிக் கண்ணாடியே இருக்கிறது, கம்பிகளை இணைத்து ஓட்டிக் காட்டுவோம், துண்டுகளை நாங்களே உறிஞ்சி எடுப்போம், காலையில் விட்டால் சாயங்காலம் எடுக்கலாம், ஒழுகினால் கொண்டு வாருங்கள். நான் அப்போதே கைகுலுக்கப் போனேன்.

வெளியே வந்ததும் அத்தான் தலையை ஆட்டினார். "இவ்வளவு வேகமா பதில் சொல்றவன் யோசிக்கறதே இல்ல." கடை நிராகரிக்கப்பட்டது.

இரண்டாவது கடைக்காரர், "பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்றார். பதில் தெரியாதவரிடம் வண்டியை எப்படி ஒப்படைப்பது? நிராகரிக்கப்பட்டார். மூன்றாவது கடைக்கு அத்தான் அலுவலகத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுபோனார்.

"இன்னும் அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்கறீங்க?"

"இங்கதான் சார். கடையை விட்டு எங்க போவேன்?"

"உங்க பலவீனம் என்ன?"

அவர் சற்று யோசித்து, முழங்கால் என்றார்.

"நான் கேட்டிருக்கவேண்டிய, ஆனா கேக்காம விட்ட கேள்வி எது?"

கடைக்காரர் எங்கள் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். "வண்டி எங்க சார்?" என்றார்.

தொலைநோக்கு இல்லாத மனிதர். நிராகரிக்கப்பட்டார்.

இரண்டு நாள் என்பது அத்தான் கணக்கில் ரப்பர். அது இழுத்த இழுப்புக்கு வந்துகொண்டே இருந்தது. மழை வந்து பிளாஸ்டிக்கைக் கிழித்தது. ஒரு பூனை அந்த வழியாகப் புகுந்து, பின் சீட்டில் குடித்தனம் வைத்துப் பார்த்து, துண்டுகள் குத்தவே காலி செய்துவிட்டுப் போனது. கிழிந்த பிளாஸ்டிக் காற்றில் படபடத்து மறைத்ததால் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே பின்னால் எடுக்கும் பாடத்துக்கு அக்கா இறங்கி வெயிலில் நின்று, வா வா என்று கையசைப்பாள். நர்ஸ் இருந்த இடத்திலிருந்து அழுவாள். இரவெல்லாம் வார்டில், பகலெல்லாம் இந்த வண்டியில், அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. தன்னால் உடைந்த கண்ணாடி என்பதால் அவளால் வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் மலரில் வெட்டிவிடுவார்கள். ஆகவே வியப்பு வந்தது என்று எழுதுகிறேன். தாங்க முடியாத வியப்பு.

டெஸ்ட்டுக்கு முந்தைய நாளுக்கும் முந்தைய இரவு, அக்கா மேசையருகே வந்து நின்றாள்.

"நாளன்னைக்கு டெஸ்ட். கண்ணாடி இல்லாத வண்டியை உள்ளயே விடமாட்டாங்க. அந்தப் பொண்ணு வேலை போயிடும்."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "பதறாத காரியம் சிதறாது" என்றார்.

சிதற இன்னும் என்ன பாக்கி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.   அக்கா ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

காலையில் அத்தான் அலுவலக பஸ் ஏறியதும், நேரே தெருக்கோடிக் கடையில் வண்டியை நிறுத்தினாள். நானும் கூடப் போனேன்.

"இன்னைக்கு முடியுமா?"

"சாயங்காலம் எடுத்துக்கலாம்மா." கடைக்காரர் என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார். பிறகு அக்காவை மெல்லக் கேட்டார். "அந்த சார் உங்களுக்கு..."

"வீட்டுக்காரர்."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் நல்ல நாற்காலியாக ஒன்றைக் கொண்டுவந்து போட்டார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

சாயங்காலம் கண்ணாடி பளபளவென்று நின்றது. கம்பிகள் சூடேறின, ரேடியோ பாடியது. டெஸ்ட் அன்று நர்ஸ் வண்டியைப் பின்னால் எடுத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு உரசல் இல்லாமல் நிறுத்தினாள். உரிமமும் வந்தது, பகல் வேலையும் வந்தது. அக்காவைப் பார்க்க வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். நாங்கள் எழுப்பவில்லை.

இந்த மலரைப் படிக்கும் அதிகாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அத்தான் தன் பணியை நிறுத்தவில்லை. கண்ணாடி மாற்றிய பிறகும் வாரக்கணக்கில் கடை கடையாக ஏறி இறங்கினார். ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் என்பதால் அக்கா எப்போதும் வண்டியைப் பின்னாலேயே எடுத்து, பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்துவாள். அத்தான் தினமும் அதன் முகத்தை மட்டும் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போவார். கார் கதவுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே நான்கு எட்டு வைத்திருந்தால் போதும்.

சொல்லிவிடலாமா என்று அக்காவைக் கேட்டேன்.

"அவர் கேக்கட்டும். கேட்டா சொல்லப் போறேன்" என்றாள்.

நியாயம்தானே. கேட்பதையே தொழிலாகக் கொண்டவர். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்கலாம். மழையில் நனைந்தாயா என்று கேட்கலாம். அந்தப் பெண் டெஸ்ட்டில் தேறினாளா என்று கேட்டாலே போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் அக்கா பரிமாறிவிட்டுச் சற்று நேரம் நிற்பாள். அத்தான் என்னிடம் பசைகளின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு எட்டப்பட்டது. வீட்டுக்கே வந்து மாட்டித்தரும் ஒரு கடை, அத்தானின் எல்லாக் கேள்விக்கும் 'பொருத்தமான தயக்கத்தோடு' பதில் சொல்லித் தேறியிருந்தது. மெக்கானிக் ஒருவர் புதுக் கண்ணாடியைப் போர்வையில் சுற்றி வேனில் கொண்டுவந்தார். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். அத்தான் சிறு உரை ஆற்றினார். மெக்கானிக் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காருக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிப் பின்னால் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"சார், எந்தக் கண்ணாடியை மாத்தணும்?"

"நல்ல கேள்வி" என்று மலர்ந்தார் அத்தான். பிறகு மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்து, தானும் சுவரை உரசிக்கொண்டு பின்னால் போனார்.

அங்கே நெடுநேரம் நின்றார். கண்ணாடியில் அவர் முகம் தெளிவாகத் தெரிந்திருக்கும். நல்ல கண்ணாடி. சட்டையில் சுண்ணாம்போடு வெளியே வந்தவர் மெக்கானிக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. நேராக அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு இதை மாத்தினே?"

விருதுக் குழுவினர் இதை மட்டும் தயவுசெய்து பெரிய எழுத்தில் அச்சிடவேண்டும். கண்ணாடி உடைந்த நாளிலிருந்து, எங்கள் அத்தான் என் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.