நாலாம் பரண் துப்பாக்கி

'டொக்!'

தோட்டா பாய்ந்த சத்தமல்ல. ஊடோவின் துப்பாக்கிக் குழல், பரணை ஒட்டி நீண்டிருந்த மரக்கிளையில் இடித்த சத்தம்.

கிளையில் இருந்த பனி முழுவதும் ஊடோவின் சட்டைக் காலருக்குள் இறங்கியது. அவர் நெளிந்து, நிமிர்ந்து, குறிபார்ப்பதற்குள் கீழே ஓடிய பன்றிக் கூட்டத்தின் கடைசி வால்தான் மிச்சம். அந்த வாலை நோக்கி ஒரு வெடி வெடித்தார். வால் புதருக்குள் போய்விட்டது.

மேட்டுப் பக்கத்துப் பரண்களிலிருந்து பட், பட், பட்டென்று வெடிகள் கேட்டன. வழக்கம்போல மற்றவர்களுக்கு விழுந்தது.

ஹுன்ஸ்ரூக் காட்டில் ஊடோவுக்கு இது பத்தாவது வேட்டைப் பருவம். இதுவரை பன்றி, பூஜ்யம்.

"இங்க பாரு ஊடோ," என்று மனைவி ரோஸ்விதா அன்றிரவு அவர் முதுகைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "இந்த சீசன்ல ஒரு பன்னியாவது விழணும். விழலேன்னா துப்பாக்கியை வித்துடணும். அப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா எங்க அக்கா இர்மா வீடுதான்."

ஊடோவுக்கு முதுகில் இன்னொரு கிளைப் பனி இறங்கியது. இர்மா வீட்டில் பிளம்ஸ் கேக் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேக்கோடு, அவள் கப்பலில் நார்வே போன புகைப்படங்களையும் விழுங்க வேண்டும். ஆயிரத்துக்குக் குறையாது.

மறுநாளே துப்பாக்கிக் கடைக்காரர் வெண்ட்லினிடம் ஓடினார்.

"அறுபத்தஞ்சு செண்டி குழலா?" வெண்ட்லின் சிரித்தார். "இது தூரத்துல மேயற மானுக்கு. ஓடற பன்னிக்கு இதைத் திருப்புறதுக்குள்ள அது குடும்பம் நடத்திப் பேரன் பேத்தி எடுத்துடும். வெட்டிடுவோமா?"

"வெட்டிடுங்க."

குழல் ஐம்பத்தொன்றாகக் குறைந்தது. கிளையில் இடிக்கவில்லை. ஆனால் குட்டைக் குழலுக்குள் வெடிமருந்து முழுதாக எரியாமல் வெளியே வந்து எரிந்தது. அடுத்த ஞாயிறு ஊடோ வெடித்தபோது குழல் முனையில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு தீப்பந்து. அதைப் பார்த்து ஊடோ மிரண்ட மிரட்சியில் குண்டு ஆகாயத்துக்குப் போனது.

மேட்டில் பட், பட், பட்.

வேட்டைத் தலைவர் ஹார்ட்விக் வந்து தோளில் தட்டினார். "மனசை விடாத தம்பி. குழல் சரி. காலிபர்தான் சின்னது, குழல் ஓட்டை. ஏழு மில்லிமீட்டர்லாம் நரிக்கு. ஒன்பது புள்ளி மூணு வாங்கு. குழல் நாப்பத்தேழு போதும்."

"அவ்ளோ குட்டையா?"

"குட்டையா இருந்தாத்தான் அழகு."

"தலைவரே, வேற பரண் ஏதாவது குடுங்களேன். அந்தக் கிளை வேற..."

"நாலாம் பரணை விட்டுக் குடுப்பியா? பன்னி காட்டை விட்டு வெளிய வர்ற முதல் வாசல்யா அது! கிளையைத் தொடாத, அது உனக்கு மறைவு."

இப்படி ஒரு பெரிய மனுஷன் தன்மேல் நம்பிக்கை வைக்கிறாரே என்று ஊடோவுக்குக் கண் கலங்கியது. பழைய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒன்பது புள்ளி மூன்று வாங்கினார்.

அது உதைத்தது. கழுதை உதைத்தால்கூட முன்னறிவிப்பாகக் காதை மடக்கும். இது அதுவும் இல்லை. வலது தோள் கத்தரிக்காய் நிறமானது. இரண்டாவது ஞாயிறிலிருந்து, விசையை அழுத்துமுன்னே கண் தானாக மூடிக்கொண்டது. கண்ணை மூடிச் சுட்டால் பன்றி என்ன, காடே தப்பிவிடும்.

மேட்டில் மட்டும் வெடி ஓயவில்லை. அந்த ஞாயிறு மாலை ஊசியிலைக் கொப்புகள்மேல் கிடத்திய பன்றிகளின் வரிசை இதுவரை இல்லாத நீளம். கொம்பு ஊதினார்கள். பன்றி அடித்த அடையாளமாகத் தொப்பியில் கொப்பு செருகாமல் நின்றவர் ஊடோ ஒருவர்தான்.

அவர் முகத்தைப் பார்த்து எல்லோருக்கும் என்னவோ போலிருந்திருக்க வேண்டும். பிறந்தநாளுக்கு வேட்டைக்கூட்டமே சேர்ந்து ஒரு பரிசு கொண்டுவந்தது. துளை துளையாகப் போட்ட இரும்பு மூடி. குழல் முனையில் திருகினால் உதை பாதியாகும்.

"உங்க அன்புக்கு நான் என்ன செய்யப் போறேன்!" என்று ஊடோ தழுதழுத்தார்.

"ஒண்ணும் செய்ய வேணாம். நல்லா வெடி, அது போதும்," என்றார் ஹார்ட்விக்.

உதை குறைந்தது உண்மை. ஆனால் சத்தம் முன்னால் போகாமல் பக்கவாட்டில் பீறிட்டது. முதல் வெடியில் ஊடோவின் தொப்பி பறந்தது. இரண்டாவது வெடியில், அடுத்த பரணில் இருந்த பெர்டோல்ட், கையில் வைத்திருந்த காப்பியைத் தன் நாய்மேலேயே ஊற்றிவிட்டார்.

இதில் ஒரு சங்கடம். ஊடோ ஊரில் வைத்திருப்பது காது மெஷின் கடை.

திங்கட்கிழமை கடைக்கு வந்த பெர்டோல்ட், வாசலிலேயே கத்தினார். "மாப்ளே! இடது காது போச்சு! ஒரு மெஷின் எடு, தள்ளுபடில!"

"மன்னிச்சுக்கப்பா. துப்பாக்கியை மாத்திடறேன்."

"என்ன?"

"துப்பாக்கியை மாத்திடறேன்னு சொன்னேன்!"

"ஐயய்யோ! காது போனாப் போகுது. துப்பாக்கியை மட்டும் மாத்தாத!"

என்ன பெருந்தன்மை! ஆனால் ஊர் அப்படி இல்லை. "காதைக் கெடுக்கறதும் அவரே, மெஷின் விக்கிறதும் அவரே," என்று கறிக்கடையில் பேச்சு வந்துவிட்டது. ரோஸ்விதா கறி வாங்காமலே திரும்பி வந்தாள்.

"போ. ஒரு சைலன்சர் வாங்கி மாட்டு. இன்னைக்கே."

இரும்பு மூடியைக் கழற்றிவிட்டு, வாங்கி மாட்டினார். ரோஸ்விதா தையல் டேப்பை எடுத்து அளந்தாள். ஒரு தரம் அளந்தாள். நம்பாமல் மறுபடியும் அளந்தாள்.

"ஊடோ. முதல்ல உன் குழல் எவ்வளவு?"

"அறுபத்தஞ்சு."

"இப்ப அறுபத்தேழு. வெட்டி வெட்டி, ஆரம்பிச்சதை விட ரெண்டு செண்டி வளத்துட்டியே!"

ஊடோ உட்கார்ந்துவிட்டார். பருவத்தில் பாக்கி இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அதற்கப்பால் நார்வே.

"குழலை வெட்டினதுக்கு," என்றாள் ரோஸ்விதா டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "அந்தக் கிளையை வெட்டியிருக்கலாமில்ல?"

இந்த யோசனை பத்து வருஷத்தில் ஒருவருக்கும் வரவில்லை. கடைசி ஞாயிறு ஊடோ ஒரு கைரம்பத்தோடு நாலாம் பரணில் ஏறினார். கிளை ஒரே நிமிஷத்தில் கீழே.

நாய்கள் குரைத்தன. புதர் சலசலத்தது. பன்றிக் கூட்டம் வந்தது. ஊடோ குழலைத் திருப்பினார். எதிலும் இடிக்கவில்லை. அழுத்தினார். பெரிய உதை இல்லை, தீப்பந்து இல்லை, கண்ணும் மூடவில்லை. 'தப்' என்று தலையணையில் அடித்தாற்போல ஒரு சத்தம்.

கடைசியாக வந்த பன்றி இரண்டடி ஓடிச் சாய்ந்தது. மற்றவை எதுவும் நடக்காததுபோல நேரே நடந்து, பாதையைத் தாண்டி, பக்கத்து ஊர் எல்லைக்குள் போய்விட்டன.

மேட்டில் ஒரு வெடிகூட இல்லை.

மாலையில் கொப்புகள்மேல் ஒரே ஒரு பன்றி. ஊடோவின் பன்றி! ரோஸ்விதா நேரில் வந்து கன்னத்தில் முத்தமிட்டாள். "அக்காகிட்ட வரமாட்டோம்னு சொல்லிடறேன்," என்றாள். அவளுக்கும் நார்வே பிடிக்காது போலிருக்கிறது.

ஹார்ட்விக் கொப்பை ரத்தத்தில் தொட்டு ஊடோவின் கையில் கொடுத்தார். ஆனால் முகம் இழவு வீட்டு முகம். கூட்டத்தில் மற்ற முகங்களும் அப்படியே. பொறாமை என்று நினைத்த ஊடோவுக்கு, முதன்முறையாகப் பெருமையாக இருந்தது.

ஹார்ட்விக் தொண்டையைக் கனைத்தார். "தம்பி... அடுத்த சீசனுக்கு... அந்த சைலன்சர் குழாயைக் கழட்டிட முடியுமா?"

"ஏன் தலைவரே?"

ஹார்ட்விக் பெர்டோல்டைப் பார்த்தார். பெர்டோல்ட் காது கேட்காததுபோல மெஷினைத் தடவினார்.

எல்லோருக்கும் பட்டாணிச் சூப்பு ஊற்றிக்கொண்டிருந்த சமையல்காரி கெர்டா, கரண்டியால் அண்டாவை ஓங்கித் தட்டினாள்.

"இவங்க சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். பத்து வருஷமா பன்னியை மேட்டுப் பக்கம் திருப்பி விட்டது நாயா, ஆளா? நீ தப்பாச் சுட்ட சத்தம்யா!"