ஆதிமனிதனாகப் படுத்த நரி

ஒரு காட்டில் ஒரு நரிக்கு அரித்தது. அரிப்பென்றால் உங்கள் வீட்டு அரிப்பு, எங்கள் வீட்டு அரிப்பு இல்லை ஐயா! உட்கார்ந்தால் அரிப்பு, ஓடினால் அரிப்பு, ஊளையிட வாயைத் திறந்தால் பாதியில் நிறுத்திவிட்டுச் சொறிய வேண்டும். மாசானம் என்ற அந்த நரி முடியெல்லாம் கொட்டி, தோலுரித்த கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. பெண்டாட்டி பேச்சி அதை வளைக்குள் விடவில்லை.

"ஒட்டுவாரொட்டி! குணமானாத்தான் உள்ள வரணும். பிள்ளைக இருக்கிற இடம்."

மாசானம் அழுதே விட்டது. அழுதுகொண்டே சொறிந்தது.

அந்தக் காட்டில் இரண்டு ஆராய்ச்சிக் கூடாரங்கள் இருந்தன. ஒன்றில் விலங்கு நோய்களை ஆராயும் டாக்டர் தேவசகாயம். மாசானம் அவரிடம் போய் முதுகைக் காட்டியது.

"அருமையான சொறி!" என்று பூரித்துப்போனார் டாக்டர். மிச்சமிருந்த நாலு முடியையும் சாம்பிளுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"மருந்து சார்?"

"முதல்ல ஆராய்ச்சி முடிவு வரட்டும்."

அடுத்த கூடாரத்தில் ஆதிமனிதனைத் தேடும் பேராசிரியர் குமுதவல்லி. தோண்டிய குழியில் கிடைத்த ஒரு தாடை எலும்புக்கு அந்த அம்மாள் குடை பிடித்து, பஞ்சு வைத்து, மெத்தென்ற பிரஷால் நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தார். மாசானத்துக்கு வயிறு எரிந்தது. செத்தவனுக்கு இத்தனை சொகுசா! குடுகுடுவென்று ஓடி, சேற்றில் புரண்டு, எலும்புக்குப் பக்கத்தில் விறைப்பாகப் படுத்துக்கொண்டது.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய குமுதவல்லி குழியைப் பார்த்தார். "அடி ஆத்தீ! உடம்பில் முடியே இல்லை! முழு ஆதிமனிதன்!"

பிரஷ் முதுகில் பட்டது. ஆஹா! ஆஹாஹா! மாசானத்தின் பின்னங்கால் தானாக உதறிக்கொண்டது.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "அம்மா, அது என் சொறிநரி."

"குழியைச் சுற்றிக் கட்டியிருக்கும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உங்கள் துறை. குழிக்குள் இருப்பதெல்லாம் என் துறை."

"வால் இருக்கே?"

"ஆதியில் எல்லோருக்கும் இருந்தது."

"கால் உதறுதே?"

"காற்று."

"அப்ப சரி" என்று டாக்டர் போய்விட்டார். துறை என்றால் துறைதானே!

பழம்பொருளைப் பூச்சி அரித்துவிடுமாம். குமுதவல்லி தினமும் பூச்சிமருந்து பூசினார். சொறிக்குக் காரணமும் பூச்சிதான், அத்தனையும் செத்தது. அரிப்பு நின்றது. முடி முளைத்தது, வால்கூடப் புசுபுசுவென்று ஆகிவிட்டது. அன்றே எழுந்து ஓடியிருக்கலாம், கழுதை! பிரஷ் சுகத்தில் படுத்தே கிடந்தது.

குமுதவல்லி கூட்டம் கூட்டி, மைக் பிடித்தார். "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்பது பழைய கதை. மனிதனிலிருந்து வந்தது நரி! என் கண்ணெதிரே வந்தது!" ஒரே கைதட்டல்.

அந்தச் சத்தத்தில் அரண்டு எழுந்த மாசானம் வளைக்குப் பறந்தது. "ஏட்டி பேச்சி! பாரு, குணமாயிட்டு!"

பேச்சி வாசலில் குறுக்கே நின்றது. "மைக்குல கேட்டேன். உம்ம வம்சத்துல மனுசன் இருக்கானாமே!"

"அது சும்மா ஆராய்ச்சிடி..."

"சொறின்னா மருந்து போட்டாப் போயிரும். இது போகுமா? நாளைக்கு நம்ம பயலுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

சொல்லிவிட்டு உள்ளேயிருந்து மண்ணைத் தள்ளி வளையை மூடிவிட்டது.

நீதி: மருந்து கிடைத்த உடனே ஓடிவிட வேண்டும்; ஆராய்ச்சி முடிவு வரும்வரை படுத்திருக்கக் கூடாது.